ஒரு சொம்பு இரைச்சல்

பிரகாசி சுவிட்சை அணைத்தாள், பேட்டரியைப் பிடுங்கினாள், பிடுங்கிய பேட்டரியை எட்ட ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தும் பார்த்தாள், அப்படியும் குக்கருக்குள் இருந்த இரைச்சல் அடங்கவில்லை. அது விளிம்புவரை ஏறி, மூடி பொருந்துகிற இடத்தில் சற்றே தயங்கி, காய்கிற பால் போலப் பொங்கி வழிந்து தரையில் இறங்கியது. அவள் கைக்கு எட்டிய சொம்பை எடுத்து அடியில் பிடித்தாள். சொம்பு நிறைந்தது. நிறைந்த சொம்பை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் சால்டரிங் ராடும் கையுமாக நின்றுகொண்டிருந்த செசீலியைப் பார்த்து, "எக்கா, வீணாப் போகுது, ஒரு ஏனம் இருந்தா தாங்களேன்" என்றாள்.

செசீலி யோசிக்காமல் தன் தூக்குவாளியை நீட்டினாள். பின்னால் இதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது. முதல் ஏனத்தை நீட்டியது நான். அதற்கும் முன்னால், குக்கரைக் கொடுத்ததும் நான் என்று.

குக்கர் அவளுடையதுதான். பிடி உடைந்து, வாஷர் இளகி, விசில் அடிக்க மாட்டாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த அதை அவள் பழைய இரும்புக்குப் போடப் போனபோது, கொழுந்தன் பெண்டாட்டி பிரகாசி சுவருக்கு மேலே கையை நீட்டி, "எனக்குத் தந்துருங்கக்கா, நானும் இந்த வருசம் ஒண்ணு செஞ்சு பாக்கேன்" என்று கேட்டாள். அண்ணனுக்கும் தம்பிக்குமாக ஒரே வீட்டைப் பங்கு வைத்தபோது முற்றத்தின் குறுக்கே எழுப்பிய சுவர் அது. மறைப்பதற்குப் போதாத உயரம், தாண்டுவதற்கு அதிகமான உயரம். செசீலி சிரித்துக்கொண்டேதான் குக்கரைக் கொடுத்தாள். சிரித்ததும் பின்னால் எரிந்தது.

சிலுவைத்துறையில் பெரிய வியாழன் பூசையில் கோயில் மணிகளை நிறுத்தினால் அல்லேலூயா சனிதான் மறுபடி அவற்றின் நாக்கு அசையும். ஆண்டவர் பாடுபட்டு மரித்துக் கிடக்கிற அந்த இடைவெளியில் மற்ற ஊர்களில் மணிக்குப் பதிலாக மரத்தட்டை தட்டுவார்கள். சிலுவைத்துறையில் இரைச்சல்பெட்டி. எந்தக் காலத்திலோ கரையான் மரத்தட்டையைத் தின்றுவிட்ட வருஷத்தில், விசைப்படகிலிருந்து கழற்றிக் கோயில் வராந்தாவில் போட்டிருந்த பழுதான ஒயர்லெஸ் ஒன்று, சாமியார் முழங்கால் போட்ட நேரம் பார்த்துத் தானாக அலறியது என்றும், நிறுத்த ஓடியவர்களைச் சாமியார் கையமர்த்தினார் என்றும் சொல்வார்கள். அன்றிலிருந்து தவக்காலம் பிறந்துவிட்டால், ஆண்கள் கடலுக்குப் போன வீடுகளில் பெண்கள் ஈயம் உருக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டை ரேடியோ, பேச்சு நின்றுபோன பொம்மை, படகில் மீன் பார்க்கிற கருவி, செத்த சார்ஜர் எல்லாவற்றையும் பிரித்து, ஐசியும் கெப்பாசிட்டரும் பொறுக்கி, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதில் கோத்து, உறுமவும் கீச்சிடவும் தகரத்தில் மணலை வாரி இறைத்தாற்போல் சொரியவும் வைப்பார்கள். விதி ஒன்றுதான். உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே இருப்பது அந்த வீட்டில் உழைத்து ஓய்ந்த ஏனமாக இருக்க வேண்டும். இட்லிக் கொப்பரை கர்ஜித்திருக்கிறது, புட்டுக்குழல் ஊளையிட்டிருக்கிறது, மக்ரூன் டின் ஒன்று இருமி இருமியே ஒரு பெரிய வாரத்தைக் கடத்தியிருக்கிறது.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் காரியங்களைப் பார்க்கிற மிக்கேல் உபதேசியார் எல்லாப் பெட்டிகளையும் கேட்டு ஒன்றைச் சொல்வார். அது பீடத்தின் படியில் மணியின் இடத்தில் உட்காரும். பெரிய வெள்ளி மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர் விட்டதும் பூமி நடுங்கிப் பாறை வெடித்த சத்தத்தை அது போடும். அப்போது ஊர் முழுக்க முழங்காலில் இருக்கும். பெட்டியைச் செய்தவள் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பாள்.

பல வருஷமாக நிற்கிறவள் செசீலி. அவளுடையது ஓர் அலுமினிய அடுக்குக் கேரியர். அடித்தட்டில் உறுமல், அதற்கு மேல் தட்டில் அந்த உறுமலைப் பிடித்து உலுக்குகிற நடுக்கம், அதற்கும் மேலே வெளிச்சம் பட்டால் குரல் மாறுகிற ஒரு கீச்சு, உச்சித் தட்டில் ஸ்பீக்கர். ஒவ்வொரு ஈயப் பொட்டும் பாசிமணி மாதிரி உருண்டு மினுங்கும். கம்பிகளை நிறம் பிரித்து, சடை பின்னினாற்போல் பின்னியிருப்பாள். சுவிட்சைத் தட்டினால் கத்தரித்தாற்போல் நிற்கும். அந்த நிற்பதுதான் அவளுக்குப் பெருமை. சத்தம் போட எல்லாராலும் முடியும், நிறுத்த எத்தனை பேரால் முடியும் என்று அவள் கேட்பாள்.

குக்கரில் இரைச்சல் பொங்கிய மறுநாள் விடிந்ததும் பிரகாசியின் வாசலில் ஏனங்களோடு பெண்கள் நின்றார்கள். யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. அடுத்த தெருவில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டால் குடத்தைத் தூக்குவதுபோலத்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இந்தக் கிண்ணத்துக்கு ஊத்து மதினி. பிள்ளைக்குத்தான்" என்றாள் ரெஜினா, எதிர்வீட்டுக்காரி. "எங்க வீட்டுல எறும்பு ஊர்ந்தாக்கூட முழிச்சுக்கிடுது."

"பச்சைப் பிள்ளைக்கு எதுக்கு முழுக் கிண்ணம்? அரை போதும்" என்றாள் பிரகாசி, பல காலமாக அதை ஊற்றிக் கொடுத்து வருகிறவள் போல. "தொட்டில் காலுல கட்டித் தொங்க விடு. பாலோட கலந்துராத."

"கலந்தா?"

"கலந்து பாத்தவ யாரு? கலக்காதன்னா கலக்காத."

இரைச்சலுக்கு நிறம் கிடையாது. ஆனால் சொம்புக்குள் பார்த்தால் அடிப்பாகம் நடுங்கிக்கொண்டிருப்பது தெரியும். விரலை விட்டால் முழங்கைவரை மரத்துப்போகும். மழைக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் அடிக்கிற வாசனை அடிக்கும். எவர்சில்வரில் வைத்தால் கணகணவென்று நிற்கும், மண்சட்டியில் வைத்தால் பூனையைப் போலக் குறுகுறுக்கும், பிளாஸ்டிக்கில் வைத்தால் பொழுது சாய்வதற்குள் புளித்து வெறும் சளசளப்பாகிவிடும் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாளைக்குள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்போல எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காது கேளாத இன்னாசித் தாத்தா ஒரு செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து முழங்கால் வழியாகக் கேட்டார். என்ன கேட்கிறது என்று சைகையில் கேட்டபோது, "எல்லாரும் ஒண்ணாப் பேசுதாவ. ஆனா என்னைப் பத்தி இல்ல" என்று திருப்தியாகச் சொன்னார். மருமகளோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒருத்தி இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு குண்டான் நிறைய வைத்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பேசாமலிருப்பது யாருக்கும் உறைக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் கேனில் பிடித்துப் படகின் அடித்தட்டில் வைத்துக்கொண்டார்கள். ஆழத்துக்குப் போய் எஞ்சினை அணைத்தால் வருகிற அமைதி யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் அதுவரை வெளியே சொல்லாத சங்கதி.

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் இதை எடுக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. மாமிசம் விலக்கிய நாள். உபதேசியார் பிரகாசி வீட்டுக்கே வந்து, வேட்டியை மடித்துக் குந்தி, குண்டானுக்குள் விரலை விட்டு வெகுநேரம் வைத்திருந்தார்.

"ரத்தம் இல்ல. முள்ளும் இல்ல" என்றார் கடைசியில், மரத்த கையை உதறிக்கொண்டே. "மாமிசக் கணக்குல வராது, மீன் கணக்குலயும் வராது. காய்கறின்னு வச்சுக்கிடுங்க."

இதையெல்லாம் செசீலி சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மட்டும் ஒரு துளி கிடையாது. பிரகாசி தராமலில்லை. பொங்கிய அன்று சாயங்காலமே தூக்குவாளியை மூடி, மேலே ஒரு வாழையிலைத் துண்டையும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க குக்கரு, உங்க வாளி. முதல் பங்கு உங்களுக்குத்தான்க்கா" என்றாள். செசீலி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மூடியைத் திறந்து காதை வைத்தாள்.

அது கரடுமுரடாக இருந்தது. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்ற ஒழுங்கு எதுவும் அதில் இல்லை. ஆனால் அந்தக் கரடுமுரடுக்குக் கீழே, தரைக்கும் அடியில் யாரோ பெரிய கல்லைப் புரட்டுவதுபோல ஒன்று இருந்தது. கேரியரின் நாலு தட்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, இத்தனை தவக்காலமாக அவள் எதைத் தேடிக்கொண்டிருந்தாளோ அது. ஊரில் மற்றவர்களுக்கு இது பின்னால் தொட்டிலில் கட்டவும் படகில் வைக்கவும் ஒரு பொருள் ஆனது. இது எவ்வளவு நல்லது என்பது தெரிந்த காது அந்த ஊரில் தன்னுடையது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

சாக்கடை தெரு முழுக்க ஓடுகிற சாக்கடை. அது ஒரு வாரத்துக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முனகிக்கொண்டு கிடந்தது. கொசு போய்விட்டது. பெண்கள் பிரகாசியிடம் வந்து, "சாக்கடைக்கும் ஊத்தணும்னு தோணிச்சே உனக்கு" என்று கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தார்கள்.

"நான் எங்க ஊத்தினேன்? எங்கக்காதான் ஊத்தியிருப்பாவ, அவிய பங்கை" என்றாள் பிரகாசி.

அதனால் அவர்கள் செசீலியிடமும் வந்தார்கள். "தனக்குன்னு ஒரு சொட்டு வச்சுக்கிடாம தெருவுக்குக் குடுத்திட்டியே செசீலி" என்றார்கள். ரெஜினா கண்கலங்கினாள். செசீலி எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவள் புருஷன் தொம்மை ஒரு நாள் வெறும் கேனோடு முற்றத்தில் வந்து நின்றான்.

"ஏட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கேட்டு வாங்கேன். எல்லாப் படகுலயும் இருக்கு. நடுக்கடலுல எனக்கு என் வயிறு பேசுறதுதான் கேக்கு."

"கேளும். உம்ம வயிறு பேசுறதை வேற யாரு கேப்பா?"

"அது நேத்து உன் மீன் குழம்பைப் பத்திப் பேசிச்சு. கேக்கக் கூடாத வார்த்தை" என்று தொம்மை கேனை வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் பார்த்தபோது கேன் நிறைந்திருந்தது. அவன் தானே போய் வாங்கியிருந்தான். செசீலி அந்தக் கேன் இருந்த பக்கம் திரும்பாமலே இரண்டு நாள் வீடு பெருக்கினாள்.

குக்கருக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு மதியம் தெரிந்தது. பிரகாசி அதைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது செசீலி சுவரில் முழங்கையை ஊன்றிப் பார்த்தாள். காக்கைக் கூடு. ஈயம் எங்கெங்கோ சொட்டியிருந்தது. ஒரு கெப்பாசிட்டரின் காலைக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் சுற்றியிருந்தாள். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் கறுப்புக் கம்பி, கடைசியில் ஏனத்தின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டிய எர்த்து கம்பி, நுனி எதையும் தொடாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. முதல் தவக்காலத்துப் பெண்பிள்ளைகள்கூட விடாத கம்பி. செசீலிக்கு உடனே விளங்கிவிட்டது. போன சத்தம் திரும்பி வருவதற்கு வழி இல்லை, அதனால் தங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். அறிவு அல்ல, கைராசி அல்ல, ஆண்டவர் கடாட்சமும் அல்ல. ஒரு கம்பியை மறந்துபோனது.

கதவைச் சாத்திக்கொண்டு, அடி ஒழுகிய ஒரு போணியை எடுத்து அவளும் கறுப்புக் கம்பியை ஒட்டாமல் விட்டுப் பார்த்தாள். பெட்டி ஊமையாகக் கிடந்தது. வேறு ஓர் இணைப்பை விட்டாள், சீறிவிட்டு அணைந்தது. ஈயத்தைச் சொட்டவிட்டாள், பிளாஸ்திரி சுற்றினாள், பிரகாசியைப் போல இடது கையால் ராடைப் பிடித்து, பிரகாசி முணுமுணுக்கிற பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். ஒன்றும் தங்கவில்லை. அவள் கை எதை விட்டாலும் தெரிந்தேதான் விட்டது. தெரிந்தே விட்ட இடத்தில் இரைச்சல் வந்து உட்காரவில்லை. மறப்பதற்கு எங்கே போய்ப் பழகுவது? போணியைப் பிரித்து, கம்பிகளை நிறம் பிரித்து டப்பாவில் போட்டாள். அவளையறியாமலே சுருட்டிக் கட்டித்தான் போட்டாள்.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வராந்தாவில் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். உபதேசியார் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கேரியர் முன்னால் குனிந்து நின்று, அடித்தட்டிலிருந்து உச்சித்தட்டுவரை அது ஏறுவதையும், சுவிட்சைத் தட்டியதும் நிற்பதையும் மரியாதையாகக் கேட்டார்.

"சுத்தம். சுத்தமா இருக்கு செசீலி. எப்பவும் போல" என்றார்.

எப்பவும் போல.

பிறகு அவர் குக்கர் பக்கம் திரும்புவதற்குள்ளேயே கூட்டம் அங்கே திரும்பியிருந்தது. பாதிப் பேர் கையில் ஏனம் இருந்தது. இரைச்சல் விளிம்புக்கு ஏறி வழிந்து வராந்தாப் படிகளில் இறங்க, குருத்தோலைகள் காற்றில்லாமலே அசைந்தன. "இந்த வருசம் பிரகாசி நிக்கட்டும்" என்றார் உபதேசியார். செசீலி தன் முகத்தை ஏற்கெனவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தாள், உதட்டை எந்த அளவுக்கு விரிப்பது, தலையை எவ்வளவு ஆட்டுவது என்றுகூட. யாரும் அதைப் பார்க்கத் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் ராடை எடுத்துக்கொண்டு தெரு வழியாகச் சுற்றிப் பிரகாசியின் வாசலில் ஏறினாள். சுவர் கட்டியதிலிருந்து அவள் அந்த வாசலில் ஏறியது கொஞ்சம்தான். பிரகாசி அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கையைச் சேலையில் துடைத்து, பலகையை இழுத்துப் போட்டாள்.

"பிரகாசி, அந்த எர்த்து கம்பி ஒட்டாமக் கெடக்கே, பாத்தியா?"

"எதுக்கா?"

"கறுப்பு. ஏனத்தோட உடம்புல ஒட்டணும் அது. கோயில்ல வச்சு அவ்வளவு சனத்துக்கு நடுவுல ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

"ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள் பிரகாசி. "நீங்களே ஒட்டித் தாங்கக்கா. உங்க கை பட்டா எனக்கும் தெம்பா இருக்கும்."

"சத்தம் கொஞ்சம் மாறும்."

"மாறட்டும். சரியா இருந்தாப் போதும்."

பிரகாசி மறுபடி இறாலுக்கு முன்னால் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். ராடு சூடேறும்வரை செசீலி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் பின்னூக்கு ஒன்று கழன்றிருந்தது. இரண்டாம் பிள்ளைக்கு வயிற்றில் இருந்தபோது பிரகாசிக்கு இதே அடுப்படியில் தலை பின்னிவிட்டது நினைவுக்கு வந்தது, அப்போது சுவர் இல்லை. அந்த நினைவு வந்ததே எரிச்சலாக இருந்தது. குக்கருக்குள் இரைச்சல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் காதைக் கொடுத்தாள். அடியில் அந்தக் கல் புரண்டது. இன்னொரு தரம் புரளட்டும் என்று காத்திருந்தாள். புரண்டது. ராடின் நுனியில் ஈயத்தைத் தொட்டாள். அது உருகி, கம்பியின் நுனியைப் பிடித்து, அலுமினியத்தில் உட்கார மாட்டேன் என்று உருண்டு முரண்டு பிடித்து, அவள் சுரண்டிவிட்டு மறுபடி வைத்ததும் குளிர்ந்து இறுகியது. வட்டமாக, ஓர் இடத்திலும் சுருக்கமில்லாமல் மினுங்கியது. தன் கேரியரில்கூட அவள் அப்படி ஒரு பொட்டு வைத்ததில்லை.

பேட்டரியை மறுபடி மாட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். குக்கர் உறுமியது. அணைத்தார்கள். நின்றது.

நின்றதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

"அப்பாடா" என்றாள் பிரகாசி. "இப்பம்தான்க்கா சொன்ன பேச்சைக் கேக்கு. அணைச்சா அணையணும்லா? விடிஞ்சா அடைஞ்சா அதுக்கு ஏனம் வச்சு, வச்ச ஏனத்தைத் தூக்கி, என் இடுப்பே போயிட்டு. என்ன தப்புன்னும் தெரியல. யார்கிட்ட கேக்கன்னும் தெரியல. உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும், நீங்க வேலையா இருப்பியன்னு விட்டுட்டேன்."

அவள் ஒரு கிண்ணம் இறாலை இலையில் பொதிந்து செசீலியின் கையில் வைத்தாள். செசீலி அதையும் ராடையும் தூக்கிக்கொண்டு தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தாள். பறித்துக்கொண்டு வந்ததாக நினைத்த பொருளை, பிரகாசி அங்கே தொலைந்தால் போதும் என்று வைத்திருந்திருக்கிறாள். எதைப் பார்த்து இத்தனை நாள் எரிந்தோமோ, அதை வைத்திருந்தவளுக்கு அது இடுப்புவலி. அதுவும் பொறுக்கவில்லை. அதுதான் இன்னும் அதிகமாகப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏனங்களோடு வந்தவர்களிடம் பிரகாசி கையை விரித்தாள்.

"வத்திட்டா?" என்றாள் ரெஜினா.

"அக்கா சரி பண்ணித் தந்துட்டாவ."

"நல்லதாப் போச்சு. ரிப்பேரோட எத்தனை நாள் ஓட்டுறது?" என்றாள் ரெஜினா. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஏனங்களைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன சமையல் என்று கேட்டபடி கலைந்தார்கள். சாளை வரத்து நின்றால் நெத்திலிக்குப் போகிறவர்கள். அதற்கு மேல் அவர்கள் இதைப் பேசவில்லை. வீடுகளில் மிச்சம் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ரெஜினாவின் பிள்ளை மறுபடி எறும்புக்கு முழித்தது. மாமியாரும் மருமகளும் பேசாமலிருப்பது திரும்பக் கேட்கத் தொடங்கியது. இன்னாசித் தாத்தா வெறும் செம்பை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். யாரும் அதை அவரிடமிருந்து வாங்கவில்லை.

உபதேசியார் சாயங்காலம் வந்து இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"இப்ப ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. அப்ப பழக்கப்பட்டதே இருக்கட்டும். செசீலி, நீயே நின்னுரு" என்றார்.

"சரி உபதேசியாரே" என்றாள் செசீலி.

"அதானே, அக்கா நின்னாத்தான் பாக்க நிறைவா இருக்கும்" என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

பெரிய வெள்ளி மூன்று மணிக்குக் கோயில் முழுக்க முழங்காலில் இருந்தது. செசீலி கறுப்பு முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுப் பீடத்தின் படியில் கேரியர் பக்கத்தில் நின்றாள். சாமியார் குரலைத் தாழ்த்தி, தலை சாய்த்து உயிர் விட்டார் என்ற இடத்தை வாசித்து நிறுத்தினார். அவள் அடித்தட்டின் திருகைத் திருப்பினாள். உறுமல் எழுந்தது, அதை இரண்டாம் தட்டு பிடித்து உலுக்கியது, ஜன்னலிலிருந்து விழுந்த வெயிலுக்குக் குறுக்கே உள்ளங்கையை நீட்டி மடக்கி மூன்றாம் தட்டின் கீச்சைப் பாறை கிழிவதாகவும் மண் சரிவதாகவும் மாற்றினாள், பெஞ்சுகளின் கால்கள் அதிர்ந்தன, மெழுகுவர்த்திச் சுடர்கள் ஒரே பக்கம் சாய்ந்தன. இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. அவளுக்கே அது தெரிந்தது. உச்சத்தில் வைத்துச் சுவிட்சைத் தட்டினாள். கத்தரித்தாற்போல் நின்றது.

சடங்குகள் முடிந்து, சிலுவைக்கு முத்தம் வைத்துவிட்டுச் சனம் எழுந்தபோது, முந்தானைகளுக்குள்ளிருந்தும் துண்டுகளுக்குள்ளிருந்தும் ஏனங்கள் வெளியே வந்தன. குத்திக்காட்ட அல்ல. ஒரு தவக்காலம் முழுக்க இரைச்சல் கேட்டால் ஏனத்தை எடுத்துப் பழகிய கைகள் அவை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எடுத்துவிட்டிருந்தன. ஒவ்வொருவராகப் பீடத்துப் படிக்கு வந்து, கேரியரின் உச்சித்தட்டு ஓட்டைகளுக்கு அடியில் ஏனத்தைப் பிடித்தார்கள். குழாயடியில் நிற்கிற அளவு நேரம் நின்றார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்து முழங்காலை மடக்கி வணங்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். ரெஜினா கிண்ணத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள். "இல்ல போல" என்றாள் மெதுவாக, யாரிடமும் இல்லாமல். தொம்மையும் கேனோடு வந்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் பிடித்தான், பார்க்காமலே போனான்.

செசீலி அசையாமல் நின்றாள். முக்காட்டுக்குள் காது சுட்டது. நிற்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டாள். வரிசை முடிகிறவரை நிற்க வேண்டியிருந்தது.

கடைசியில் பிரகாசி வந்தாள். அவள் கையில் ஒரு பித்தளைப் போகணி இருந்தது. மற்றவர்களைப் போலவே ஓட்டைகளுக்கு அடியில் பிடித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பிடித்தாள், பிறகு எட்டிப் பார்க்காமல் மூடியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். போகணியை இடுப்பில் ஏற்றி, அந்தப் பக்கமாக உடம்பைச் சாய்த்து, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கினாள். வாசலில் கூட்டம் நெரிந்த இடத்தில் மூடியின் மேல் இன்னொரு கையையும் வைத்து, தளும்பிவிடாமல், தோளைக் கொடுத்து வழி விலக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.